கருவின் புரதத்துக்காகச் சினை எலியைக் கொல்லலாமா? ஏஎஃப்பி ஆய்வு பற்றி ஒரு விவாதம்

துளிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்வேதியியலில் பிஎச்.டி இரண்டாம் ஆண்டு. என் தலைப்பு ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், சுருக்கமாக ஏஎஃப்பி. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: வயிற்றில் இருக்கும் சிசுவின் கல்லீரலும், யோக் சாக் என்னும் கருவுணவுப் பையும் சுரக்கும் புரதம் இது. ரத்தப் புரதமான ஆல்புமினுக்கு நெருங்கிய உறவு. சிசுவின் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், பிறந்த பிறகு மளமளவென்று இறங்கிவிடும். அதில் கொஞ்சம் தாயின் ரத்தத்துக்கும் வந்து சேரும்.

கர்ப்பமான வெள்ளெலிக்குப் புரதம் குறைந்த தீவனம் கொடுத்தால் இந்த அளவு எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும். இரண்டு வகைத் தீவனம். கர்ப்பத்தின் 14, 17, 20 ஆகிய நாட்கள். ஒவ்வொன்றுக்கும் 7 தாய் எலிகள். மொத்தம் 42. அந்தந்த நாளில் தாயைக் கொன்று, தாயிடமும் குட்டிகளிடமும் ரத்தம் எடுப்பதாகத் திட்டம்.

நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். 'விலங்கு ஏன் தேவை' என்று கேட்கும் இடத்தில் மூன்று நாளாக ஒரு வரிகூட வரவில்லை. போன வருட விண்ணப்பத்தைப் பார்த்து எழுதிக்கொள் என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

காட்டுக்கொன்றை எழுதியது:

துளிர், மனசு ஒப்பவில்லை என்றால் அதை அடக்காதீர்கள். நான் நான்கு வருடம் ஓர் அனிமல் ஹவுஸில் வேலை பார்த்தவள். காலையில் பெண் எலியின் பிறப்புறுப்பிலிருந்து ஸ்மியர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். விந்தணு தெரிந்தால் கூண்டு அட்டையில் 'நாள் 0' என்று எழுதுவேன். அந்த நிமிடத்திலிருந்து அந்த எலி எந்தத் தேதியில் சாகும் என்று எனக்குத் தெரியும்.

20-ஆம் நாள் கூண்டைத் திறந்தால் உமியையெல்லாம் ஒரு மூலைக்கு இழுத்து, நடுவில் குழித்து, கைக்கு எட்டிய காகிதத்தைக் கிழித்து மெத்தை போட்டு வைத்திருக்கும். இன்னும் இரண்டு நாளில் குட்டி போட வேண்டிய எலி. தூக்கினால் கையில் கனம் தெரியும், வயிற்றுக்குள் அசைவதும் தெரியும். கருப்பையின் இரண்டு கொம்பிலும் பாசிமணி கோத்ததுபோல் பத்து, பன்னிரண்டு இருக்கும். அட்டையில் நான் எழுதியது என்னவோ 'ஒரு எலி' என்றுதான். நீங்களும் 42 என்று எழுதுகிறீர்கள். குட்டிகளைச் சேர்த்தால் அது நானூற்றுச் சொச்சம்.

இதையெல்லாம் தாண்டி ஒரு கேள்வி. வெள்ளெலியின் ஏஎஃப்பி, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனை இறுகப் பிடித்துக்கொள்ளும். மனிதரின் ஏஎஃப்பி அப்படிப் பிடிப்பதில்லை. பெயர் ஒன்று, வேலை வேறு. அப்படியிருக்க, எலியில் அளந்து எந்தத் தாய்க்கு என்ன சொல்லப் போகிறோம்?

நுண்ணோக்கி எழுதியது:

கொன்றை அம்மா சொன்ன கூண்டை நானும் பார்த்திருக்கிறேன். முப்பது வருடமாக இதே துறையில் இருக்கிறேன். இன்றும் அந்த நாட்களில் மதியச் சாப்பாடு இறங்காது. அதனால் வலி தெரியாமல் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் இந்தப் புரதத்தின் வரலாற்றில் சுண்டெலிக்குப் பெரிய இடம் இருக்கிறது. 1963-இல் மாஸ்கோவில் கேரி ஆபெலெவும் கூட்டாளிகளும் கல்லீரல் புற்று வளர்த்த சுண்டெலிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். வயிற்றுக் குட்டியிலும் புதிதாகப் பிறந்த குட்டியிலும் இருக்கும் ஒரு புரதம், வளர்ந்த எலியின் ரத்தத்தில் மறுபடியும் தலைகாட்டியது. அடுத்த ஆண்டே தத்தாரினோவ் அதைக் கல்லீரல் புற்றுநோய் வந்த மனிதரின் ரத்தத்தில் கண்டார். இன்று ஒரு குழந்தைக்கு ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்னும் கல்லீரல் கட்டி வந்தால், சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர் கேட்கும் முக்கியமான ரத்தப் பரிசோதனை ஏஎஃப்பி. அந்த வழி எலிக்கூண்டிலிருந்து தொடங்கியது. அதை நாம் மறக்கக் கூடாது.

காட்டுக்கொன்றை எழுதியது:

மறக்கவில்லை சார். ஆனால் கதையைப் பாதியிலிருந்து தொடங்குகிறீர்கள். மனிதச் சிசுவின் ரத்தத்தில் இப்படி ஒரு புதிய புரதம் இருக்கிறது என்று ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராண்டும் ட்சாரும் 1956-லேயே எழுதிவிட்டார்கள். மாஸ்கோ எலிக்கு ஏழு வருடம் முன்னால்.

கர்ப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் 1972-க்கு வாருங்கள். மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாத சிசு, முதுகுத்தண்டு மூடாத சிசு, இவர்களைச் சுமந்த தாய்மாரின் பனிக்குட நீரில் ஏஎஃப்பி அதிகமாக இருப்பதை எடின்பரோவில் பிராக்கும் சட்கிளிஃபும் கண்டார்கள். மூடாத இடத்தின் வழியாகச் சிசுவின் புரதம் பனிக்குட நீரில் கசிகிறது, அங்கிருந்து தாயின் ரத்தத்துக்கு வருகிறது. அப்புறம் 1984. ஒரு தாயின் ஏஎஃப்பி மிகக் குறைவாக இருந்தது, குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு. அந்த ஒரு தாயிலிருந்து நூல் பிடித்துப் போய்த்தான் மெர்காட்ஸும் உடனிருந்தவர்களும் டவுன் சிண்ட்ரோமுக்கும் குறைந்த ஏஎஃப்பிக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். கர்ப்பிணிக்கு இன்று பயன்படுகிற இரண்டு செய்தியும் கர்ப்பிணிகளிடமிருந்தே வந்தவை. எலியிடமிருந்து வரவில்லை.

அம்முவின் அம்மா எழுதியது:

நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த மூன்று எழுத்தும் என் வாழ்க்கையில் வந்து போனவை. அதனால் எழுதுகிறேன்.

அம்மு வயிற்றில் இருந்தபோது 16-ஆம் வாரம் என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். ஏஎஃப்பி, அந்த வாரத்துக்கான நடுமதிப்பைப்போல 2.8 மடங்கு என்று தாள் வந்தது. தாளைக் கொடுத்தவர் 'முதுகுத்தண்டில் பிரச்சினை இருக்கலாம், ஸ்கேன் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்கேனுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. அந்த ஒன்பது நாளும் நான் வயிற்றில் கை வைக்கவில்லை. வைத்தால் பாசம் கூடிவிடும் என்று பயம். மாமியார் வளைகாப்புக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்டபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டு ஒழுங்காக இருந்தது. ஆனால் அவள் 16 வாரக் குழந்தையே இல்லை. கணக்குப்படி அன்றைக்கு 17 வாரம் ஆகியிருக்க வேண்டும், ஸ்கேன் 21 வாரத்துக்கு மேல் காட்டியது. கரு தங்கிய பிறகு கொஞ்சம் ரத்தம் பட்டதை மாதவிலக்கு என்று எண்ணி நாங்கள் சொன்ன தேதி தவறு. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுக்காததால் யாரும் கவனிக்கவில்லை.

எனக்கு ஒரே கேள்வி. கொன்றை அக்கா சொல்வதுபோல் அந்தப் பரிசோதனை எலியிடமிருந்து வரவில்லை என்றால், என் ரத்தத்தில் அந்தப் புரதத்தை எதை வைத்து அளந்தார்கள்?

பரண் எழுதியது:

அம்முவின் அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் கால்நடை மருத்துவன். ஒரு கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவில் சில வருடம் இருந்தேன்.

ஏஎஃப்பியை அளக்க அதை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும். ஆரம்பத்தில் முயலுக்கோ ஆட்டுக்கோ மனித ஏஎஃப்பியை ஊசி வழியாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்தார்கள். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்துக் காட்டிய பிறகு, ஒரே வகை ஆன்டிபாடியைச் செல்லிலேயே தொடர்ந்து வளர்க்க முடிந்தது. ஆனால் அந்தச் செல் வரிசைக்கும் முதல் சுண்டெலி என்று ஒன்று உண்டு. ஆக, கொன்றை சொன்ன வரலாறு சரி. அந்த வரலாற்றை எழுதப் பயன்பட்ட மையில் முயலும் ஆடும் இருக்கின்றன. இன்று விலங்கே இல்லாமல், பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்களில் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுக்கும் முறை வளர்ந்திருக்கிறது. இனி விலங்கில் ஆன்டிபாடி தயாரிப்பதைக் கைவிடலாம் என்று 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாற்றுமுறை ஆய்வகம் பரிந்துரைத்தது. அது நல்ல செய்தி.

உங்கள் ஒன்பது நாளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கட்டத்தில் தாயின் ரத்தத்தில் ஏஎஃப்பி வாரத்துக்கு ஏறக்குறைய 15 சதவீதம் ஏறும். நான்கு வாரம் தேதி தவறினால் 2.8 என்பது 1.6 ஆகிவிடும். அது சாதாரண அளவு. தேதி சரியாக இருந்தாலும், 2.5 மடங்கு என்று கோடு கிழித்தால் குறையில்லாத கர்ப்பங்களிலும் நூற்றுக்கு 3 அந்தக் கோட்டைத் தாண்டும் என்று 1977-இல் பிரிட்டனில் பல மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. இந்த இரண்டு வரியைத் தாளோடு சேர்த்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தவறு.

நுண்ணோக்கி எழுதியது:

கொன்றை அம்மா, 1956-ஐயும் 1972-ஐயும் நான் விட்டது உண்மை. ஏற்கிறேன். ஆனால் 'பெயர் ஒன்று, வேலை வேறு, அதனால் எலி வேண்டாம்' என்பதை ஏற்க முடியாது. வேலை வேறு என்று தெரிந்ததே எலியில் பார்த்ததால்.

2002-இல் பெல்ஜியத்தில் ஏஎஃப்பி மரபணுவே இல்லாத சுண்டெலியை உருவாக்கினார்கள். இவ்வளவு ஏராளமாக இருக்கும் புரதம் இல்லாவிட்டால் கருவே தங்காது என்று பலரும் நினைத்திருந்தார்கள். குட்டிகள் நன்றாகப் பிறந்தன, வளர்ந்தன. ஆனால் பெண் எலிகளுக்குக் கரு முட்டை வெளிவரவில்லை, மலடாக இருந்தன. 2006-இல் ஜூலி பாக்கர் குழுவினர் காரணத்தைக் காட்டினார்கள். ஏஎஃப்பி இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் தடையில்லாமல் பெண் குட்டியின் மூளைக்குள் போய், அதை ஆண் மூளையின் போக்கில் திருப்பிவிட்டது. சினைத் தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது, அந்தப் பெண் குட்டிகள் வளர்ந்து சாதாரணப் பெண் எலிகளாகவே நடந்துகொண்டன. எலியில் ஏஎஃப்பி என்பது மூளைக்குக் காவல்.

காட்டுக்கொன்றை எழுதியது:

அழகான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எலி மூளையைப் பற்றிய அறிவு. மனிதரில் அந்தக் காவல் வேலையை ஏஎஃப்பி செய்வதில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஏஎஃப்பி ஏறக்குறைய இல்லாமலே ஆரோக்கியமாகப் பிறந்த மனிதக் குழந்தைகளும் கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரிய வந்திருக்கிறார்கள். அது எந்த எலியையும் கொல்லாமல் தெரிந்த உண்மை.

நுண்ணோக்கி எழுதியது:

எலி மூளையைப் பற்றிய அறிவு நமக்கு எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் நினைவிருக்கிறதா? கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த செயற்கை ஈஸ்ட்ரோஜன். 1971-இல், அந்தத் தாய்மாரின் மகள்களுக்கு இளவயதிலேயே பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்று வருவதை ஹெர்ப்ஸ்ட் பாஸ்டனில் எடுத்துக்காட்டினார். மகள்கள் அதை உட்கொண்டதே இல்லை, வயிற்றில் இருந்தபோது தாய் உட்கொண்டது.

அந்த மருந்தை எலியின் ஏஎஃப்பி பிடிப்பதில்லை. உடலின் இயற்கை ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ரடயாலைப் பிடித்து நிறுத்தும் காவல், இதைப் பார்த்தும் விட்டுவிடுகிறது. பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பினால் ஏ-யும் அப்படித்தான், ஏஎஃப்பியிடம் அநேகமாகச் சிக்குவதில்லை. ஒரு ரசாயனம் ஹார்மோன்போல் நடந்து சிசுவைக் கெடுக்குமா என்று உலகம் முழுக்க இன்றும் சினை எலிகளில்தான் பார்க்கிறார்கள். எலியின் ஏஎஃப்பி எந்த நாளில் எவ்வளவு இருக்கிறது, தீவனம் குறைந்தால் என்ன ஆகிறது என்று தெரியாவிட்டால், அந்தச் சோதனைகளின் முடிவைத் தவறாகப் படிப்போம். ஆபத்தானதைப் பாதுகாப்பானது என்று எழுதிவிடுவோம். துளிரின் ஆய்வுக்கு நான் காணும் நியாயம் இதுதான். மனிதத் தாயின் ஏஎஃப்பியை எலியை வைத்து ஊகிக்கப் போகிறோம் என்று எழுதினால் நானும் கையெழுத்துப் போட மாட்டேன்.

காட்டுக்கொன்றை எழுதியது:

இது எனக்குப் புதிய வாதம். யோசிக்க வைக்கிறது. ஆனால் இதன் உள்ளே பாருங்கள் சார்: எலிச் சோதனையைச் சரியாகப் படிக்க இன்னும் எலி வேண்டும் என்கிறீர்கள். தாலிடோமைடு என்ன கற்றுக்கொடுத்தது? ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் இல்லாமல் பிறக்க வைத்த மருந்து, எலியின் குட்டிகளை அப்படிப் பாதிப்பதில்லை. முயலின் குட்டிகளைப் பாதிக்கிறது. யோக் சாக் எலியில் பிரசவம் வரை வேலை செய்கிறது, மனிதரில் முதல் மூன்று மாதத்தோடு சுருங்கிப்போகிறது. அந்தப் பைதான் ஏஎஃப்பியைச் சுரக்கும் இடங்களில் ஒன்று. இப்படி அடிப்படையே வேறாக இருக்கும் விலங்கை மையத்தில் வைத்துக்கொண்டு, அதற்குத் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று எத்தனை தலைமுறை எலிகளைக் கொல்வது? மனிதக் கல்லீரல் கட்டியிலிருந்து வந்த ஹெப்-ஜி2 செல்கள் தட்டிலேயே ஏஎஃப்பி சுரக்கின்றன. பிரசவம் முடிந்த நஞ்சுக்கொடியைத் தாய்மார் கேட்டால் தருவார்கள். அங்கே ஏன் பணம் போகவில்லை?

சராசரி எழுதியது:

நான் புள்ளியியல் ஆள். அறத்தைப் பற்றி உங்கள் அளவுக்குப் பேசத் தெரியாது. துளிரின் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரே வயிற்றில் இருக்கும் பத்துக் குட்டிகள் பத்துத் தனித்தனிச் சான்று ஆகாது. தாய் தின்ற தீவனம் ஒன்று, தாயின் ரத்தம் ஒன்று. குட்டிகளைத் தனித்தனியாக எண்ணி 70 என்று போட்டால், இல்லாத வித்தியாசமும் இருப்பதுபோல் தெரியும். எண்ண வேண்டியது தாய்களை. இதைச் செய்யாத கட்டுரைகளை நிறைய பார்த்திருக்கிறேன். அந்த எலிகள் செத்தது வீண். அது என்னை உறுத்துகிறது.

இன்னொன்று: 14, 17, 20 என்று மூன்று நாளுக்கு மூன்று தனிக் கூட்டம் ஏன்? தாயின் ரத்தம் மட்டும் என்றால் ஒரே எலியிடம் மூன்று முறை எடுக்கலாமே. எலிக்கு எலி இருக்கும் ஏற்ற இறக்கம் அப்போது கணக்கிலிருந்து கழிந்துவிடும், குறைந்த எண்ணிக்கை போதும்.

பரண் எழுதியது:

சராசரி சொல்வது நடக்கும். 250 கிராம் வெள்ளெலிக்கு ஏறக்குறைய 16 மில்லி ரத்தம் இருக்கும். வால் ரத்தக்குழாயிலிருந்து ஒரு தடவைக்கு 0.2 மில்லி எடுத்தால் போதும், ஆன்டிபாடியை வைத்து அளக்கும் எலைசா சோதனைக்கு அதில் மிச்சமே இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. கர்ப்பத்துக்கு முன்பே ஒரு வாரமாவது தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டும், அதே ஆள். புதிய கை பட்டுப் பயந்த எலியிடம் எடுத்த ரத்தத்தில் பயமும் சேர்ந்து வரும்.

குட்டிகளை எண்ணுவது பற்றி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், பாலூட்டிகளின் கர்ப்பத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கை எட்டிய சிசுவையும் பாதுகாக்க வேண்டிய விலங்காகவே வைக்கிறது. 22 நாள் கர்ப்பத்தில் அது 15-ஆம் நாளிலிருந்து தொடங்கும். துளிர், உங்கள் விண்ணப்பத்தில் யாரும் கேட்காவிட்டாலும் அந்த எண்ணைத் தனியாக எழுதுங்கள். குழுவில் இருந்தபோது அப்படி எழுதிய விண்ணப்பம் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் நின்று யோசித்திருப்போம்.

துளிர் எழுதியது:

மூன்று நாளாக நின்றுபோன கட்டத்தை நேற்று இரவு எழுதி முடித்தேன்.

42 இப்போது 16. தீவனத்துக்கு 8 தாய்கள். ஒரே எலியிடம் 14, 17 ஆகிய நாட்களில் வாலிலிருந்து ரத்தம், 20-ஆம் நாள் மட்டும் முடிவு. அன்று ஒவ்வொரு தாயிடமிருந்தும் சிசு ரத்தம், கல்லீரல், யோக் சாக், பனிக்குட நீர் எல்லாவற்றையும் எடுத்து வைப்பேன், இன்னொருவர் இதற்காக மறுபடியும் எலி கேட்காதபடிக்கு. 14, 17 ஆகிய நாட்களின் சிசு அளவு எனக்குக் கிடைக்காது. அதை இழக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். கைடு அதற்கு ஒப்பவில்லை, இன்று மறுபடி பேச வேண்டும்.

'விலங்கு ஏன் தேவை' என்ற இடத்தில் கர்ப்பிணிகளின் நலம் என்ற சொல்லே இல்லை. எலியில் செய்யும் ஹார்மோன் சோதனைகளைத் திருத்திப் படிக்க, குறைந்த தீவனத்தில் எலியின் ஏஎஃப்பி அளவு வேண்டும் என்று மட்டும் எழுதினேன். அதன் கீழே: தாய் 16, பிறக்காத குட்டிகள் ஏறக்குறைய 160.

காட்டுக்கொன்றை எழுதியது:

துளிர், நான் இன்னும் எதிர்ப்பவள்தான். 160 என்ற எண்ணைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் அந்த எண்ணை ஒருவர் எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

உமி போதாது. 18-ஆம் நாளிலிருந்து கூண்டில் கிழிக்கக் காகிதம் போடுங்கள், மை இல்லாத காகிதம். எலிகளைப் பழக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், சனி ஞாயிறு நான் வருகிறேன்.